நேர்ந்துவிட்ட ஓட்டு

ஒரே பிற்பகலில் நான் இரண்டு நேர்த்தி வைத்தேன். பழனி ஆண்டவருக்கு என் தலைமுடி. எங்கள் ஊராட்சித் தலைவருக்கு என் வீட்டின் மூன்று ஓட்டு. முதலாவதைச் செலுத்த ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டாவதைச் செலுத்தினேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பாச்சலூருக்கு மேலே, மலைச் சரிவில் எங்கள் ஊர். அங்கே கிளைத் தபால் நிலையம் என் பொறுப்பு. மனைவி பேரில் கொஞ்சம் காப்பித் தோட்டம், கொஞ்சம் மலைவாழை. ஒரே மகள். அப்போதுதான் ஒட்டன்சத்திரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பதினெட்டு வயது நிரம்பவில்லை. அவள் ஓட்டையும் சேர்த்துத்தான் நேர்ந்தேன். இல்லாத ஓட்டு.

ஊருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு உண்டு. அங்கே ஓடை ஒன்று ரோட்டுக்கு அடியில், குழாய்ப்பாலம் வழியாக இறங்கிப் போகும். சவுக்குக் கிளை, வெட்டிப் போட்ட வாழைத்தண்டு, கொடைக்கானல் போகிற கார்களிலிருந்து வீசும் பாட்டில் என்று குழாயின் வாய் வருடக்கணக்காக அடைந்துகொண்டே வந்தது. அது அடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல முடியாது. ஏனென்றால் அதைப் பற்றிய மனுக்கள் எல்லாம் என் கையால்தான் முத்திரை விழுந்து போயின.

மனு எழுதியவர் மகளிர் குழு நடத்தும் ஒரு அக்கா. ஊரில் அவருக்குப் பெயரே மனுக்கார அக்கா. மாதம் தவறாமல் பதிவுத் தபாலோடு வந்து நிற்பார்.

“இந்தத் தடவ யாருக்குக்கா?”

“ரோட்டு ஆபீசுக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு. நல்லா அழுத்திக் குத்துங்க தம்பி. போன தடவ முத்திரை மங்கலா விழுந்து கெடந்துச்சு. அதான் பிரிக்காம விட்டாங்களோ என்னமோ.”

“நீங்க பதிலுக்கா அனுப்புறீங்க? கையெழுத்தோட திரும்பி வர்ற அட்டைய அடுக்கி வைக்கத்தான?”

பென்ஷன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“சிரிங்க, சிரிங்க. தண்ணிய நிறுத்தினா அது ரோட்டுக்கு அடியில தன் வழியப் பாத்துக்கும். அன்னைக்கும் இப்பிடியே சிரிக்கணும், என்ன?”

முத்திரை குத்தி, பைக்குள் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை மழை வெறித்துவிட்டது என்று நம்பி மகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம். திரும்பும்போது “வடகாடு தாண்டியாச்சுப்பா” என்று செய்தி போட்டாள். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் யாரோ ஓடிவந்து, வளைவில் ரோடு போய்விட்டது என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். ரோடு இல்லை. குழாய்ப்பாலம் இருந்த இடத்தில் சேறும் பாறையும் வேரோடு விழுந்த மரங்களும் கிடந்தன. கீழ் வரிசையில் ஒரு வீடு சேற்றுக்குள் போயிருந்தது. ஆள் வேலைக்குப் போயிருந்ததால் இரண்டு ஆடுகளோடு முடிந்தது. மகள் வரும் மினிபஸ் அதற்கு அந்தப் பக்கம் நிற்பதாகச் சொன்னார்கள். அதற்கும் பின்னால் இன்னொரு சரிவு. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நடுவில் என் மகள். மேலே இன்னும் மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போது வைத்ததுதான் முதல் நேர்த்தி. வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா, ஞாபகமில்லை.

தலைவர் தன் ஜேசிபியோடு வந்தார். ஓட்டுகிற ஆள் சரிவைப் பார்த்ததும் நடுங்கினான். “ஏலே, நீ எறங்கு. எனக்குப் பெத்தவங்க யாரும் இல்ல, அழுறதுக்கு” என்று சொல்லிவிட்டு, தலைவரே ஏறி உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு மணி நேரம் ஒரு ஆள் நடக்கிற அளவு வழி எடுத்தார். பிறகு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் போனார். வெளிச்சம் மங்குவதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். என் மகள் இடுப்புவரை சேறோடு, காலில் செருப்பில்லாமல், கல்லூரிப் பையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்தேன்.

“எங்க வீட்டு மூணு ஓட்டும் இனி உங்களுக்குத்தான் தலைவரே. நான் சாகுற வரைக்கும்.”

“விடுங்கண்ணே. பிள்ளைக்கு மொதல்ல சூடா எதாச்சும் குடுங்க. ஒதறுது பாருங்க.”

சுற்றிலும் பாதி ஊர் நின்றது. எல்லோர் காதிலும் விழுந்தது.

அதன் பிறகு தார்ப்பாய், பால், அரிசி, போர்வை எல்லாம் அவர் மூலமாகத்தான் வந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோட்டு ஆபீஸ்காரர்கள் வந்து பள்ளத்தில் ஜல்லியும் மண்மூட்டையும் போட்டு மேலே தார் ஊற்றினார்கள். பஸ் ஓடத் தொடங்கியது. அடியில் தப்பிய குழாயின் வாய் மட்டும் அப்படியே அடைந்து கிடந்தது.

நான் மாறிப்போனேன். மகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்தி போட வேண்டும். வடகாடு. அடுத்தது பெத்தேல்புரம் பிரிவு. அடுத்தது வளைவு. ஐந்து நிமிடம் தாமதமானால் கவுன்டரை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன்.

“நான் பஸ் ஏறுறது படிக்கவாப்பா, இல்ல உங்களுக்கு மெசேஜ் போடவா?” என்றாள் ஒருநாள். ஆனாலும் போட்டாள்.

மொட்டை போட அவளையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போனோம். திரும்புகிற வழியில் ஆயக்குடியில் இறங்கி கொய்யா வாங்கினோம். தலையில் சந்தனம் காய்ந்து இழுத்தது. மனசு லேசாக இருந்தது. மனைவி பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு கொய்யாவைக் கடித்தபடி, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

“மொட்டை உங்க தலை. அது சரி. என் ஓட்டை ஏன்ப்பா நேந்துவிட்டீங்க? நான் என்ன கெடாவா?”

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். பழக்காரம்மா, “பிள்ள வெவரமாத்தான் கேக்குது” என்று சொல்லி ஒரு பழம் கூடப் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. “அவரு வரலன்னா நீ இன்னைக்கு இங்க நின்னு கொய்யா திங்க மாட்ட” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் பழத்தைக் கவருக்குள் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபோது அவளுக்கு ஓட்டு வந்திருந்தது. தலைவர் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றது மனுக்கார அக்கா. டீக்கடையில் ஒரே கேள்விதான்: “அன்னைக்கு யாரு வந்தா?” அதற்கு ஒரே பதில்தான். அக்காவின் ஆட்கள் பாலத்தைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால், “அதுக்கு மனு போடுங்க” என்று யாராவது சொல்வார்கள். கடை முழுக்கச் சிரிப்பு.

உண்மையைச் சொன்னால், நன்றி கொஞ்சம்தான். பயம்தான் அதிகம். எங்கள் வார்டில் எத்தனை வீடு, யார் வீட்டு ஓட்டு எங்கே விழும் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி மண் சரிந்தால்? அன்றைக்கு அவருக்குப் போன் போட்டு, அவர் எடுக்காவிட்டால்? மற்றவர்களும் இதைத்தான் நினைத்தார்கள் என்று இப்போது படுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் ஓட்டுப் போடப் போனது நடந்துபோன மழைக்கு அல்ல, வரப்போகிற மழைக்கு.

தலைவர் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

“இந்த வீட்டுல நான் கேக்க வேண்டியதில்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பாப்பாவுக்கு இதான் மொத ஓட்டு, இல்ல?”

“ஆமா மாமா” என்றாள் மகள். “அந்தக் குழாய்ப்பாலத்த எப்ப மாமா சரி பண்ணுவாங்க?”

“அது ரோட்டு ஆபீஸ் சோலி பாப்பா. நம்ம கையில இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். எப்ப விழுந்தாலும் மொத ஆளா நான் வந்து நிப்பேன்.”

“விழாம இருக்கறதுக்கு?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்பு. “மழைய நிப்பாட்டச் சொல்றியா என்னைய?” என்று அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மனம் கோணிப் போகிறாரோ என்று வாசல்வரை போய், அவர் முகத்தைப் பார்த்து வழியனுப்பினேன்.

ஓட்டு நாளன்று வெள்ளனே கிளம்பினோம். தொடக்கப்பள்ளிக்கு அந்த வளைவு வழியாகத்தான் போக வேண்டும். தாரின் ஓரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. மகள் நின்று அதைப் பார்த்தாள். செருப்பு நுனியை அதில் வைத்துப் பார்த்தாள். நுனி உள்ளே போனது. அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கும்போது, மெதுவாக அவளிடம் சொன்னேன்: “நேந்தது நான். நானே செலுத்திக்கிறேன். நீ உன் இஷ்டம்போலப் போடு.”

“நெசமாவா?”

“வெரசா போ. வரிசை நகருது.”

உள்ளே அட்டை மறைப்பு. தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டு. கையில் முத்திரைக் கட்டை. முத்திரை குத்துவதுதான் என் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டும் நேராகக் குத்துவேன். தலைவரின் சின்னத்தில் அழுத்திக் குத்தினேன். நேர்த்தி தீர்ந்தது. மடிக்கப் போனேன். அதற்கு நேர் கீழே அக்காவின் சின்னம். நல்லா அழுத்திக் குத்துங்க தம்பி. எத்தனை தபால் அவர் எனக்குத் தந்திருக்கிறார்! எத்தனை தடவை சிரித்தேன்! வெடிப்புக்குள் போன அந்தச் செருப்பு நுனி. கை மறுபடி இறங்கியது. அதுவும் அழுத்தமாகத்தான் விழுந்தது.

பெட்டிக்குள் சீட்டு விழுந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. படித்தவன், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன், இரண்டு சின்னத்தில் குத்தினால் சீட்டு செல்லாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறவன்.

தலைவர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலையோடு ஜீப்பில் வந்தவர், என்னைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். “மூணும் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே!” நான் கும்பிட்டேன். மகள் பக்கத்தில் நின்றாள்.

ஜீப் போனதும் அவளிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ரெண்டு பேருக்குமா? தபாலாபீஸ்காரரு!” சிரிப்பு நின்றதும் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏன்ப்பா இவ்வளவு பயப்படுறீங்க? நீங்க ஓட்டுப் போட்டாலும் போடாட்டியும் அவரு வருவாரு. அன்னைக்கு பஸ்ஸுல இருந்தவங்கள்ல பாதிப் பேரு வெளியூரு. யாருக்கு ஓட்டுன்னு கேட்டா கயிறு கட்டுனாரு?”

நான் ஏன் அதை யோசிக்கவில்லை?

போன வாரம் மனுக்கார அக்கா கவுன்டருக்கு வந்தார். தோற்றவர் முகமாகத் தெரியவில்லை. கையில் அதே மாதிரி ஒரு உறை.

“சிரிக்க மாட்டீங்களா தம்பி?”

“இல்லக்கா.”

முத்திரை குத்தினேன். அவர் போன பிறகு வெளியே வந்து நின்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஐப்பசிக்கு இன்னும் நாள் கிடந்தது. போனை எடுத்துத் தலைவருக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்னண்ணே? எங்க விழுந்துச்சு?”

“எங்கயும் விழல தலைவரே.”

“பாப்பா வந்திருச்சா?”

“வந்திருச்சு. நல்லாருக்கா.”

“மழையும் இல்லையேண்ணே இங்க. அங்க பேயுதா?”

“இங்கயும் இல்ல.”

ஜேசிபி ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்தார்.

“அப்புறம் எதுக்குண்ணே கூப்பிட்டீங்க?”

தேர்தலில் என்ன செய்தேன் என்பது குரலிலேயே தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்.

“அந்தக் குழாய்க்குள்ள கெடக்கறத எடுக்கணும். உங்க வண்டி வந்தா ஒரு நாள் வேலை.”

“அது ரோட்டு ஆபீஸ்…”

“தெரியும் தலைவரே. அன்னைக்கு மண்ணு எடுத்தீங்களே, அதுவும் அவங்க ரோடுதான்.”

வண்டியை மறுபடி எடுக்கச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்தார். கோபமா, யோசனையா, தெரியவில்லை. “அடுத்த வாரம் வியாழக்கிழமை பாக்கிறேன்ணே” என்று வைத்துவிட்டார்.

இன்று புதன். மகள் வடகாடு தாண்டிவிட்டதாகச் செய்தி போட்டிருக்கிறாள். பெருமாள் மலைப் பக்கம் லேசாகக் கறுத்திருக்கிறது. நான் கவுன்டரைச் சாத்திவிட்டு வளைவு வரை நடந்தேன். குழாயின் வாயில் இருந்து கைக்கு எட்டிய வாழைத்தண்டு ஒன்றை இழுத்து ரோட்டோரமாகப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கிறேன்.