எதிர்க் கடையும் என் வைஃபையும்

பழைய லெப்டொப்புக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற என்னைப் போன்ற அப்பாவிகளுக்கு ஒன்று தெரியும்: லினக்ஸ் சமத்தாக ஏறிவிடும், வைஃபை மட்டும் வரவே வராது. இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனை பஜாரில் இந்தக் கஷ்டத்தை நான் ஒருவனே அனுபவித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு நேர் எதிரே சுதாகரன் கடை திறந்தான். என்னைவிட வயதில் சின்னவன், பார்க்கும்போதெல்லாம் "அண்ணே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான், வெளிநாட்டிலிருந்து டயகம பாடசாலைக்குப் பழைய லெப்டொப்புகள் வரப்போகின்றன, அங்கே படிப்பிக்கிற மேரி டீச்சர் அவற்றுக்கு லினக்ஸ் போட ஆள் தேடுகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்த வேலை கிடைத்தால் இந்தப் பக்கத்தில் பெரிய ஆள் யார் என்பது முடிவாகிவிடும். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று இரவும் பகலும் அதே நினைப்பாக இருந்தேன்.

மலையேறிய லெப்டொப்

வைஃபை கார்டு வேலை செய்ய அதற்கென்று ஒரு டிரைவர் மென்பொருள் வேண்டும். அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழ? போனை வயரில் சொருகி அதன் டேட்டாவில் இறக்கலாம்தான். ஆனால் என் கடைக்குள் சிக்னல் நிற்காது. அதனால் போனும் லெப்டொப்புமாகக் கோயில் மேட்டுக்கு ஏறி, மழைத்தூறலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறக்குவேன்.

ஒருநாள் அப்படி நனைந்து இறங்கி வந்தபோது, மகனின் லெப்டொப்பை வாங்கக் கடை வாசலில் காத்திருந்த ஒரு அம்மா, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நின்றபடியே பரிதாபமாகக் கேட்டார்: "எதிர்க் கடைத் தம்பி எல்லாத்தையும் முன்னாடியே பென்ட்ரைவ்ல போட்டு வச்சிருக்காராமே, நீங்க ஏங்க இப்படி மலையேறிச் சாகுறீங்க?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூசை முடிந்த கையோடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தன் லெப்டொப்பைக் கொண்டுவந்தார். பூசைக்கு முதல் நாள்வரை வந்த வைஃபை இப்போது வரவில்லை. லெப்டொப்பின் முன்விளிம்பில் அவர் மனைவி வைத்த சந்தனமும் குங்குமமும் கெட்டியாகக் காய்ந்திருந்தன. சாமிக்கு வைத்த பொட்டு, நாம் அழிக்கலாமா? அதைத் தொடாமல் பக்குவமாகப் பிடித்துக்கொண்டு டிரைவரை மாற்றினேன், கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், லினக்ஸையே புதிதாக ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பொறுமை போய்க் கணக்கப்பிள்ளை எதிர்க் கடைக்குப் போனார். நானும் வேடிக்கை பார்ப்பவன் போலப் பின்னாலேயே போனேன். சுதாகரன் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு நகத்தால் சுரண்டினான். சந்தனத்துக்கு அடியில் வைஃபையை நிறுத்துகிற குட்டி சுவிட்ச் இருந்தது. பொட்டு வைத்த விரல் அதைத் தள்ளி அணைத்திருக்கிறது. அவன் தள்ளினான், வைஃபை வந்தது. கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஒங்க பக்திய நான் குத்தம் சொல்லலீங்க தம்பி, ஆனா அடுத்த தடவ நேரா இங்கயே வந்துர்றேன்" என்றார்.

என் பக்கம் வந்த ஒருவர்

ஒரு சனிக்கிழமை, சுதாகரனின் நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார். அப்டேட் போட்டதும் வைஃபை போய்விட்டதாம். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, அதிகப் பிரசங்கம் செய்தபடி சரிசெய்தேன். "இனி இங்கேயே வாங்க" என்றும் சொல்லிவைத்தேன். அவர் டீயை முடித்துவிட்டுச் சொன்னார்: "சுதாகரன் இன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாருங்க, திங்கக்கெழம தொறந்துருவாரு."

டயகம பெட்டிகள்

கடைசியில் லெப்டொப்புகள் வந்தேவிட்டன. மேரி டீச்சர் ஆட்டோவில் பெட்டிகளோடு வந்து, என் கண் முன்னாலேயே எதிர்க் கடையில் இறங்கினார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அதே பெட்டிகள் சாலையைக் கடந்து என்னிடம் வந்தன. டீச்சர் விளக்கினார். இந்த வைஃபை கார்டுகளுக்கு ரெடிமேட் டிரைவர் கிடையாதாம், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து செய்து போட வேண்டுமாம். அவ்வளவு பொறுமை அண்ணனுக்குத்தான் உண்டு என்று சுதாகரனே அனுப்பியிருக்கிறான். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி கோயில் மேடு, மறுபடி சாக்கு. ஆனால் எல்லா லெப்டொப்பிலும் வைஃபை வந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

கையளிக்கும் விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, டயகம பாடசாலையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சுதாகரன் பின்னால் எங்கோ நின்றான். டீச்சர் மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொன்னார், கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தன் கடைக்கு வந்த வேலைய எதிர்க் கடைக்கு அனுப்ப எவ்வளவு பெரிய மனசு வேணும், பிள்ளைங்களே, சுதாகரன் அண்ணனுக்கு எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டுங்க!"

எழுந்து நின்று நானும் தட்டினேன். வைஃபை கார்டு எதுவானாலும் மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் தோழர்களே, எதிர்க் கடைக்காரன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் நாம் என்னதான் செய்வது?