அத்தானுடைய வசனம்

யாராவது மனதைத் தொடும்படி ஒரு வார்த்தை பேசிவிட்டால் அக்கா உடனே பதில் சொல்ல மாட்டாள். அதை எழுதி வைப்பாள். பள்ளி நாட்களில் உள்ளங்கையில், பேனாவால். வேலைக்குப் போன பிறகு ஃபோனில். வீட்டில் கேலி செய்வோம், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள் இருவரும். அவளுக்கு வீடியோ கேம் கம்பெனியில் வசனம் எழுதும் வேலை. "சுட்டா செத்துடுவான். அதுக்கு எதுக்கும்மா வசனம்?" என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேமில், வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் ஒரு படகுக்காரியும் ஒரு மருத்துவனும். அவள் ஐந்து பரிசு கொடுத்தால் அவனுக்குக் காதல் வந்துவிடும். ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே ஆபீஸில் ஒருவர் இருந்தார். இளநரையால் 'தாத்தா' என்று பெயர் வாங்கியவர்.

"அஞ்சு பூ குடுத்தா காதலா? இது காதலா, ரீசார்ஜா?"

அக்கா அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். படகுக்காரி போகிறபோக்கில் சொன்னதை மருத்துவன் பல நாள் கழித்தும் நினைவு வைத்திருந்தான். சில சமயம் முடியாது என்றான். அவள் வராத நேரத்தில் தன் வேலையைப் பார்த்தான்.

"ஆள் இப்போ உயிரோட இருக்கான். ஆனா இவனை அவளுக்கு ஏன் பிடிக்கணும்? அந்த இடம் காலியா இருக்கு" என்றார் தாத்தா.

அதை நிரப்பியது அத்தானுடைய வார்த்தை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். அதற்கு முந்தைய வருடம் அக்காவுக்குக் கரு கலைந்தது. அவர்மேல் அவள் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்களில் ஒருமுறை சொன்னார்: "எவ்வளவு கோபம்னாலும், மழை வந்தா என் செருப்பை உள்ள எடுத்து வச்சுட்டுத்தான் கதவைச் சாத்தற. எனக்கு அது போதும்."

கேமில் மருத்துவன் அதையே படகுக்காரியிடம் சொன்னான். ஆடியவர்கள் அழுதார்கள். ஆபீஸில் விருந்து வைத்தார்கள். அத்தானும் போயிருந்தார்.

"செருப்பு டயலாக் மேடத்தோட வீட்டுக்காரரா? குடுத்து வச்சவர் சார்!" என்று சொல்லி, கணக்குப் பிரிவுப் பெண் அந்த வசனத்தை அத்தானிடமே அப்படியே ஒப்பித்தாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது நான் வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் அத்தான் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னதும் நீ தலையைக் குனிஞ்சுகிட்ட. நீ அழறன்னு நினைச்சேன்."

"பேர் எதுவும் போடலையே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அழுதியா, எழுதினியா? அதை மட்டும் சொல்லு."

"யோசிச்சு சொல்றேன்."

இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

அத்தான் சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாவி எங்கே, கரண்ட் பில் கட்டியாச்சா, இவ்வளவுதான். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எப்போதாவது எனக்கு ஃபோன் செய்வார். என் வேலையை, உடம்பை விசாரித்துவிட்டு, "உங்கக்கா ஏதாவது சொன்னாளா?" என்பார்.

கேமின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதில் அந்த இருவருக்கும் கல்யாணம். தாத்தாகூடக் குறை சொல்லவில்லையாம்.

"அத்தானுக்கு என்னக்கா சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்டா."

இன்னும் சொல்லவில்லை.