செருப்பு கழன்றது தெரியாத மனிதர்

1963 மழைக்காலத்தில் பழனிசாமி மூன்றாவது முறையாக ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியபோது, அவர் மனைவி நாகரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. தீவில் அவர்கள் குடியிருந்த பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் படகில் அக்கரைக்குப் போய், மர மில்லில் தடிகளை அளந்து எழுதுகிற வேலை அவருக்கு.

"கால்ல இருந்து செருப்பு கழண்டு போறதுகூடவா தெரியாது?"

"படகுல கூட்டம். யாராவது மிதிச்சிருப்பான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தெறித்த கங்கு ஒன்று அவர் பாதத்தில் விழுந்தது. அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தார். அவள்தான் பாய்ந்து தட்டிவிட்டாள். தோல் வெந்திருந்தது.

"எரியலையா?"

"லேசா."

அவள் அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"உடம்பு பூசியிருக்குன்னு மில்லுல எல்லாரும் சொல்றாங்க" என்றார் பெருமையாக. முப்பத்தெட்டு வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதை அவர் சொல்லவில்லை.

வேலையில் உயர்ந்த நாளிலிருந்து அவருக்குத் தனிச் சோறு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற, நன்றாகத் தீட்டி வெளுத்த பச்சரிசிதான் வேண்டும். அதை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துவிட வேண்டும். பருப்பு வாயு, மீன் கவிச்சி, கீரை ஆடு தின்பது என்பார். அவளும் பிள்ளைகளும் ரேஷன் புழுங்கலரிசியும் பயறும்தான் தின்றார்கள். அவர்களில் யார் காலும் வீங்கவில்லை.

"வாங்க ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்கு."

மறுநாள் கேட்டால், மில்லில் தடி ஏற்றுகிறார்கள் என்றார். அதற்கு மறுநாள் மழை. பத்து நாள் இப்படியே போக, பதினோராம் நாள் அவளும் அவரோடு படகேறி, கூட வேலை செய்பவர்கள் பார்க்கப் பார்க்க அவரை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனாள்.

வங்காளி டாக்டர் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று இந்தியில் கேட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நாகரத்தினம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நரம்புக்கு வேண்டிய சத்து தவிட்டோடும் கஞ்சியோடும் போய்விட்டது" என்றார் டாக்டர். "இன்னும் விட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும். இப்போதைக்கு ஊசி. அதற்கப்புறம் சாப்பாடுதான்."

திரும்பும் படகில் அவர், "ஊசி போட்டாப் போதும், இல்ல?" என்றார். அவரைக் கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே பானை. புழுங்கலரிசி, பயறு, முருங்கைக்கீரை, மாலையில் டீக்குப் பதில் அவித்த வேர்க்கடலை. நாலு நாள் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"பிடிக்கலைன்னா நீங்களே சமைச்சுக்குங்க" என்றாள். ஐந்தாம் நாள் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மரத்துப்போன பாதம் தேற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவர் முணுமுணுப்பு ஓயவில்லை.

மறு வருஷம் மில்லில் கூட வேலை செய்கிற சொக்கலிங்கம் வந்து, கால் மதமதப்பாக இருக்கிறது என்றார்.

"பச்சரிசியை விடு, பயறு தின்னு" என்றார் பழனிசாமி. "எனக்கு வந்தப்ப நானே கண்டுபிடிச்சிட்டேன்."

உள்ளேயிருந்து கேட்ட நாகரத்தினம் வெளியே வந்தாள். கணவரைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். "போக மாட்டீங்கன்னா உங்க வீட்டுக்காரியை என்கிட்ட அனுப்புங்க."