ஐந்து வாட்டும் ஒரு வாட்டமும்

உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத்தருவது: யாழ்ப்பாணத் தீவகத்தின் முதலாவது சாரதியில்லா வாகனம் இன்று வேலணை பஸ் தரிப்பிடத்தில் வழிவிட மறுத்தது.

வாகனம் சப்பாத்துப் பெட்டியளவுதான். நானும் கபிலனும் செய்தது. பெரிய மூளை பூட்டினால் பட்டரி முழுவதையும் மூளையே தின்றுவிடும், சில்லு உருள ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஐந்து வாட்டில் ஓடும் குட்டிச் சிப்.

ஆளைக் கண்டால் நிற்கப் பழக்கினோம். மத்தியான வெயிலில் றோட்டில் வேறு ஆளில்லை. காட்டிய படமெல்லாம் கபிலன்தான்.

இன்று அவன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறான். பஸ் வந்தது. வண்டி அவன் காலடியில் போய் நின்றது. அவன் விலத்த, திரும்பவும் மறித்தது.

"டேய், மறிக்க நாங்கள் பழக்கேல்லையே?" என்றான் கபிலன்.

"தானாப் படிச்சிட்டுது. அதுதானடா டீப் லேர்னிங்!"

"அஞ்சு வாட்டுக்கு இவ்வளவு பாசமோ?"

சிரித்துக்கொண்டு ஏறினவன், யன்னலுக்குள் கண்ணைத் துடைத்தான். ஐந்து வாட் வண்டிக்கு, வாட்டம் முழுக்க எனக்கு.

சரி, உண்மையைச் சொல்கிறேன். சிப்பை நான் வெயிலில் மறந்து வைத்து, அது காலையிலேயே அவிந்து செத்துப்போனது. காற்சட்டைப் பைக்குள் றிமோட்டை அமத்தி மறித்தது நான்தான்.

கபிலா, பிளேன் ஏற முதல் இதை வாசித்தால், ஏசியாவது ஒரு மெசேஜ் போடு.