பின்னறையைப் பூட்டிய நாள்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் நாரின் ஊரில், பட்டப்பகலில், என் வீட்டிலேயே நடந்தது இது. சொல்லவே கூசுகிறது.

என் மகளுக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்யச் சம்பந்தி வீட்டார் வர இருந்தார்கள். என்னைப் பெற்ற அத்தா அசன்குல் ஒரு வாரமாகவே ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் திடீரென்று உளற ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னால் கால்சட்டையைக் கழற்றிவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

"ஏங்க, மாமாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி பெர்மெத்.

"தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்காரு. காய்ச்சலே இல்ல. வயசானா இப்படித்தான். வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா சம்பந்தி என்ன நினைப்பாரு? நாளைக்கு அவங்க போகட்டும்."

விடிந்ததும் அவரைப் பின்னறையில் படுக்கவைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் விருந்துக்கு எல்லாரும் தரையில் விரித்த மெத்தைகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கெண்டியும் கிண்ணமுமாக ஒவ்வொருவருக்கும் கை கழுவ வெந்நீர் ஊற்றிக்கொண்டு போனேன். கதவுக்கு எதிரே, பெரியவர்களுக்கான இடத்தில் சம்பந்தி ஷர்ஷென். அவருக்கு ஊற்றினேன். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை நீண்டது...

வயதான கை. தோலெல்லாம் ஊதாத் திட்டுகள். ஊற்றினேன்... ஆவி வரவில்லை.

நிமிர்ந்தேன்.

அத்தா!

பையைத் தொட்டேன். சாவி இருந்தது...

மறுபடி பார்த்தேன். அவர் இருந்த இடத்தில் வெறும் மெத்தை.

ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். அத்தா விறைத்துக் கிடந்தார். கைகளில் அதே திட்டுகள். கை மட்டும் நனைந்திருந்தது...

டாக்டர் வந்து பார்த்தார். "கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. வயசானவங்களுக்குக் காய்ச்சலே வராமப் போகலாம். உளறல், மூச்சு வாங்கறது, உடம்பு ஜில்லுனு ஆகறது, இதெல்லாம்தான் அடையாளம். நேத்தே கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாரு. உயிர் போய் நாலஞ்சு மணி நேரமாச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஷர்ஷென் என்னைத் தனியே அழைத்தார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. உங்க அத்தா என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள நீங்க உள்ளே ஓடிட்டீங்க."

"எப்போ கேட்டாரு?"

"விருந்துலதான். பக்கத்துல உட்கார்ந்து காதோட சொன்னாரு. 'டாக்டரைக் கூப்பிடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி. என்னால என் மகனுக்கு வெட்கமா இருக்கு'ன்னாரு."