பென்சிலில் எழுதிய மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. முருகேசன் இறந்துவிட்டார். தாராவி வீட்டில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மாரடைப்பு. செம்பூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் ரத்தத்தைச் சோதித்த மனிதர், தன் கையை ஒரு நாளும் ஊசிக்கு நீட்டியதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரைத் தங்கமான மனிதர் என்று பேசினார்கள். அவரிடம் திட்டு வாங்காத நர்ஸ் ஒருவராவது அந்த அறையில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். குளுக்கோஸ் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்து அனுப்பினால், எண்களைப் பார்த்தே கண்டுபிடித்து, வேறு ரத்தம் அனுப்பச் சொல்லுவார். போனில் இந்தியில் சண்டை. போனை வைத்ததும் மிச்சம் திருநெல்வேலித் தமிழில்.

வைரஸ் காய்ச்சலில் சேர்ந்தவர்களுக்கு நோய் முற்றுமா, தணியுமா என்பதை ரத்தத்தின் சில அளவுகளை வைத்து ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். அச்சடித்து வரும் ரிப்போர்ட்டில் இன்றைய அளவு மட்டும்தான் இருக்கும். முருகேசன் அதன் பக்கத்தில் நேற்றையதையும் முந்தாநாளையதையும் பென்சிலால் எழுதி அனுப்புவார். நாங்கள் அதற்கு ‘முருகேசன் ஜாதகம்’ என்று பெயர் வைத்திருந்தோம். கேலி செய்தவர்களில் நானும் உண்டு. ஒரு நாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. “ஜோசியக்காரன் ஆளப் பாக்காமலே பலன் சொல்லுவான் மேடம். நான் ஆளப் போய்ப் பாருங்கன்னுதான் எழுதுதேன்” என்றார்.

கொரோனா இரண்டாம் அலை. ஒரு கட்டில் காலியாவதற்குள் நாலு பேர் வாசலில் காத்திருந்த நாட்கள். தாராவியில் பிளாஸ்டிக் பட்டறை வேலை செய்த செல்வம் என்பவர் மூன்றாம் மாடியில் என் வார்டில் இருந்தார். உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அன்று பாதியாகக் குறைந்திருந்தது. தேறிவிட்டார் என்று முடிவு செய்து, கீழே இருக்கும் சாதாரண வார்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் முருகேசன் மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க வார்டு வாசலில் நின்றார். “சி.ஆர்.பி. எறங்குனது ஸ்டீராய்டுனால மேடம். லிம்போசைட்டு மூணு நாளா விழுது, டி-டைமர் ஏறுது. அனுப்புறதுக்கு முன்னால ஆள ஒரு தடவ பாத்துக்கிடுங்க.”

வெள்ளணுக்கள் குறைவதும் ரத்தம் உறையும் அறிகுறி கூடுவதும் நல்லதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் அந்த வரிகளைப் பார்க்கவே இல்லை. அதை மூன்று நர்சுகள் எதிரில் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “ரிப்போர்ட் குடுக்கறதோட உங்க வேலை முடிஞ்சுது. பெட் யாருக்குன்னு நான் பாத்துக்கறேன்” என்றேன். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் செல்வத்தின் கட்டிலுக்குப் போனேன். சொந்த ஊர் எது என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். மாற்றல் தாளைக் கிழித்துப் போட்டேன். மதியம் அவருக்கு ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்கும் கருவி கீழ் வார்டில் கிடையாது. பதினெட்டு நாள் கழித்து அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் எங்கள் துறைத் தலைவர், சி.ஆர்.பி. அவ்வளவு குறைந்திருந்தும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அனுபவம்தான் சார் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு அவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

சில மாதங்கள் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பரிசோதனைக் கூடத்துக்குப் போய் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். ரத்தம் எடுத்து வந்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்டார். “எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு மேடம்? எனக்குத் தெரிஞ்சதுதான. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் சொல்லவில்லை. இரங்கல் கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்தபோதும் அவரது உழைப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் முந்தைய நாட்களைக் கேட்கிறேன். முடிவு எழுதுவதற்கு முன்னால் கட்டிலருகே போய் நிற்கிறேன். இரண்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. என்னுடையது அல்லாத இன்னொன்றும் இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செல்வத்தைக் காப்பாற்றியவர் முருகேசன். நான் அவரைக் கீழே அனுப்ப எழுதிவிட்டிருந்தேன்.