கலைக்குப் போன முதல் வெந்நீர்

2008இல் கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கடலூரில் பயிற்சி முடித்துவிட்டு சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்று, அப்பா நாலு பேர் காதில் விழும்படி, "நர்சம்மா வந்தாச்சா?" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள், பிரசவம் பற்றிக் கேட்கிறார்கள். மாதவிலக்கு வலி பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் அதையே எழுதுகிறேன்.

சாக்கின் மேல் படுத்திருந்தவள்

ஒரு நாள் தடுப்பூசி பெட்டியோடு தெருவில் போய்க்கொண்டிருந்தேன். டீக்கடை ராமலிங்கத்தின் வீடு கடைக்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல் இருந்தது. பின்வாசலில் சிமெண்ட் தரையில், ஒரு சாக்கின் மேல், அவர் மகள் கலையரசி முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த சட்டி. அவள் அம்மா அஞ்சலை அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"புள்ளைக்கு என்னக்கா?"

"ஒன்னும் இல்ல நர்சம்மா. தூரம். மாசாமாசம் இப்பிடித்தான் உருளுவா."

"இன்னிக்கு ஸ்கூல் இருக்குதே?"

"எங்க போறா? பன்னண்டாவது பேருக்குத்தான். தையில என் தம்பிக்கே கட்டிக் குடுத்துடலாம்னு இருக்கோம். ஒரு புள்ள பொறந்தா இந்த வலியெல்லாம் ஓடிப் போயிடும்."

சாக்கிலிருந்து கலை தலையைத் தூக்கினாள். "பரிச்சை மார்ச்சுலம்மா."

"தாலியக் கட்டிக்கிட்டுப் போய் எழுதேன்டி. எவ வேணாங்கறா?"

வலி வந்தால் பெண் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை எல்லாரையும் போல அந்த அக்காவும் நம்பினார். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை காய்ந்துவிடும் என்றும் பயந்தார். நச்சரித்து இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். கோளாறு எதுவும் இல்லை. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, "உருளுற வரைக்கும் காத்திருக்காத. வலி தொடங்குனதும் சாப்புட்டுட்டுப் போடு. அடிவயித்துல வெந்நீர் ஒத்தடம் குடு. அதுக்கும் அடங்கலன்னாலோ உதிரம் ஜாஸ்தி போனாலோ உடனே வா" என்றார்.

சிதம்பரம் கடைத்தெருவில் நானே ஒரு ரப்பர் பை வாங்கினேன். கொதிக்கும் நீர் கூடாது, முழுக்க நிரப்பக் கூடாது, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும், துண்டு சுற்றித்தான் வயிற்றில் வைக்க வேண்டும். எல்லாம் செய்து காட்டினேன். வேலை முடிந்தது என்று சைக்கிளை மிதித்தேன்.

ஆணியில் தொங்கிய பை

அடுத்த மாதம் போனபோது பை சுவர் ஆணியில் தொங்கியது. விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை. கலை அதே சாக்கில் கிடந்தாள்.

"மாத்திரை போட்டியா?"

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னாங்களேக்கா. அம்மா விடியறப்பவே களை எடுக்கப் போயிட்டாங்க. நான் அடுப்பத் தொடக் கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சொன்ன வைத்தியம் முழுக்க அடுப்பில் இருந்தது. வலி வரும் நாளில் அவளுக்கு அடுப்பே இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவின் பாய்லர் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்பாகிட்ட கேக்கலாமே?"

"ஐயோ! பாய்லர் சாமி மாதிரி. இந்த நேரத்துல அதுலேர்ந்து எனக்குத் தண்ணி புடிச்சா யாவாரம் போயிடும்னு அம்மாவுக்குப் பயம். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"நான் கேக்கட்டுமா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "கடையில ஆளுங்க இருக்கறப்பக் கேக்காதீங்கக்கா" என்றாள்.

பொறையும் டீயும்

கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். ஒரு பெரியவர் மட்டும் பேப்பரை விடுவதாக இல்லை. சரி என்று பையை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க நர்சம்மா. டீ ஸ்ட்ராங்கா?"

"டீ வேணாம்ணே. இதுல வெந்நீர் வேணும்."

"என்னா மாப்ள, பார்சல் டீக்குப் புதுப் பையா?" என்றார் பேப்பர்காரர்.

"நீ பேப்பரப் படி மாமா."

ராமலிங்கத்தை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "வலியா? அவ்ளோவா இருக்கும்?" என்றார்.

"நீங்களே வந்து பாருங்கண்ணே."

வந்தார். மகளுக்கு விலக்கான நாளில் அவர் பின்வாசலுக்கு வந்தது அதுதான் முதல்முறை. கலை பதறி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைக்குத் திரும்பியதும் சொன்னார்: "மத்த புள்ளைங்க அந்த மாதிரி நாள்லயும் புத்தகப் பையத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. இது மட்டும் படுத்துக்குது, படிக்க இஷ்டமில்லன்னு நெனச்சேன் நர்சம்மா. இஷ்டமில்லாத புள்ளைய எதுக்குப் புடிச்சு வெச்சுக்கணும்னுதான் கல்யாணத்துக்குச் சரின்னேன். என்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலியே."

டீயைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றும் மனிதர், சொட்டுச் சிந்தாமல் பையை நிரப்பினார். கேட்காமலே ஒரு டீயும் இரண்டு பொறையும் தட்டில் வைத்தார்.

"உள்ள யாருக்கு?" என்றார் பேப்பர்காரர்.

"எம் பொண்ணுக்கு. வயித்து வலி."

கலை பொறையை நனைத்துத் தின்றாள், மாத்திரை போட்டாள், பையை வயிற்றில் அணைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல அவள் கால்கள் நீண்டன. அப்படியே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் வீட்டில் சண்டை என்று பிறகு கலை சொன்னாள். "நாளைக்கு எவன் உன் கடையில டீ குடிப்பான்?" என்று அம்மா கத்தினாராம். "குடிக்கறவன் குடிக்கட்டும். பரிச்ச முடியாம கல்யாணப் பேச்சு எடுக்காத" என்று அப்பா சொன்னாராம். டீ விற்பனை ஒன்றும் குறையவில்லை. தை மாதம் கல்யாணம் இல்லாமலே போயிற்று.

நான் கற்றுக்கொண்டது இதுதான். வைத்தியம் சொல்வதோடு நம் வேலை முடியாது. வலி வரும் நேரத்தில் அந்த வீட்டில் அடுப்பு யார் கையில் இருக்கும், வலிப்பவளுக்கு வெந்நீர் எடுத்துத் தர யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். ஆம்பளைகளிடம் சொல்லக் கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மார்ச்சில் ஒரு பரீட்சை சரியாக அந்த நாளிலேயே வந்தது. எப்படி இருக்கிறாளோ என்று விடியும்போதே போனேன். ராமலிங்கம் அன்றைய முதல் டீயைக் கையில் வைத்திருந்தார். அதைச் சாமிக்கென்று ரோட்டில் ஊற்றிவிட்டுத்தான் எதையும் தொடுவார். பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை அக்கா அன்று களை எடுக்கப் போகவில்லை. அத்தனை பேர் முன்னாலும் ரப்பர் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இரு, சாமிக்கு ஊத்திட்டுத் தரேன்."

"சாமி செத்த பொறுத்துக்கும். புள்ளைக்கு பஸ் வந்துடும், புடி."